சமத்து நோயாளி

‘அம்மா அமைதியா இருக்காங்க, தொந்தரவே இல்ல.’ தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்துக்கு இது நல்ல செய்தி. ஆனால் அந்த அமைதியே நோயாக இருக்கலாம்.

காய்ச்சல் முற்றி உளறினால் ஜன்னி கண்டுவிட்டது என்போம். மருத்துவர்கள் டெலிரியம் என்கிறார்கள். கிருமித்தொற்றாலோ, ஆக்சிஜன் குறைவாலோ, மருந்தாலோ மூளை திடீரெனத் தடுமாறுவது அது. குழாயைப் பிடுங்குபவரை எல்லோரும் கவனிக்கிறார்கள். விட்டத்தைப் பார்த்தபடி, கூப்பிட்டால் தாமதமாகத் திரும்புபவருக்கும் அதே நோய் இருக்கலாம். இந்தச் சத்தமில்லாத வகைதான் பெரிதும் தவறவிடப்படுகிறது. அடங்கிக் கிடப்பதே பெண்ணின் இயல்பு என்று பழகிய கண்ணுக்கு, அடங்கிக் கிடக்கும் பெண்ணிடம் நோய் எப்படித் தெரியும்?

அவள் வாய் திறந்தாலோ, கதை வேறு. ‘யாரோ என்னைத் தொட்டான்’ என்றால் உளறல். சிறுநீர்க் குழாய் செருகுவதைக் கலங்கிய மூளை பாலியல் தாக்குதலாக உணர்வதுண்டு. 2025 ஏப்ரலில் குருகிராமில், வென்டிலேட்டரில் இருந்தபோது தன்னிடம் அத்துமீறல் நடந்ததாக ஒரு பெண் புகார் தந்ததும், மருத்துவமனை ஊழியர் ஒருவர் கைதானதும் உண்டு. எது நடந்தது, எது தோன்றியது என்பதை விசாரித்துத்தான் அறிய வேண்டும். ‘உளறல்’ என்ற சொல் விசாரணை ஆகாது. வெறும் தோற்றமே என்றாலும் அவள் பட்ட பயம் நிஜம். வீடு திரும்பிய பிறகும் மாதக்கணக்கில் அது கனவில் வரும்.

கண்டறிய வழியில்லையா? 2001 முதல் இருக்கிறது. எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, குறிப்பிட்ட ஓர் எழுத்து வரும்போது மட்டும் கையை அழுத்தச் சொல்வது அச்சோதனையின் முக்கியப் பகுதி. பேச முடியாதவரிடமும் செய்யலாம். சில நிமிடம் போதும். மூக்குக்கண்ணாடி, காது மெஷின், இரவில் இருட்டு, தெரிந்த குரல் ஆகியவை கலக்கத்தைத் தடுக்க உதவுகின்றன. நாமோ கண்ணாடியைக் கழற்றி வளையலோடு பொட்டலம் கட்டித் தருகிறோம். தெரிந்த குரலை வாசலில் நிறுத்துகிறோம். கையைக் கட்டிப்போட்டு, அமைதிப்படுத்த மிடாசோலம் போடுகிறோம். அது கலக்கத்தைக் கூட்டவும் கூடும்.

செவிலியரைச் சொல்லவில்லை. குறைந்த சம்பளத்தில் ஒருத்தி தலையில் பல படுக்கைகளைக் கட்டும் நிர்வாகத்தைச் சொல்கிறேன்.

நாள்தோறும் சோதியுங்கள். தொடுமுன், என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவளிடம் சொல்லுங்கள். அவள் சொன்னதைச் சொன்னபடியே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். உளறலா இல்லையா என்பதைப் பிறகு பார்க்கலாம்.