எட்டு நாள் என்றால் ஏழு நாள்

போன கோடை லீவுக்கு லண்டனில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனோம். பாரிசில் கார் து நோரில் ஏறினால் இரண்டேகால் மணித்தியாலத்தில் செயின்ற் பங்கிராஸ். என் மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது. கொலேஜில் ஆங்கிலத்தில் நல்ல புள்ளி எடுக்கிறவள். "அம்மா, அங்க நான்தான் எல்லாம் கதைப்பன், நீங்க பேசாம இருங்கோ" என்று ரயிலிலேயே சொல்லிவிட்டாள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

இரண்டு குடும்பமுமாகப் பிரைட்டன் கடற்கரைக்குப் போய் இரண்டு இரவு ஹோட்டலில் தங்கினோம். அறையில் துவாய் காணாது. "நீ போய்க் கேட்டுக்கொண்டு வா" என்று மகளை அனுப்பினேன். பெரியம்மாவின் பிள்ளைகளும் பின்னால் போனார்கள். அவள் வரவேற்பு மேசையில் நிமிர்ந்து நின்று, "வீ டிமாண்ட் டூ மோர் டவல்ஸ்" என்றாள்.

மேசையில் இருந்த பெண் ஒரு கணம் பார்த்துவிட்டுத் துவாயைத் தந்தாளாம். ஆனால் மேலே வந்ததும் அக்காவின் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் கதையைச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிரெஞ்சில் 'தெமோந்தே' என்றால் சும்மா கேட்பது. ஆங்கிலத்தில் 'டிமாண்ட்' என்றால் 'தந்தே ஆகவேண்டும்' என்று நிற்பது. என் பிள்ளை மரியாதையாகக் கேட்டதாக நினைத்துக்கொண்டு சண்டைக்குப் போயிருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவள் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை. ஐஸ்கிறீம் கடையில் கூட விரலால் காட்டித்தான் வாங்கினாள். திரும்பி வரும்போது ரயிலில், யன்னல் பக்கம் பார்த்தபடி பிரெஞ்சில் சொன்னாள்: "எனக்கு ஆங்கிலம் தெரியாது. இனி அங்க வரேல்லை."

அப்போதுதான் எனக்கு அப்பாவின் நினைவு வந்தது.

எனக்குப் பத்து வயதிருக்கும். அப்பாவுக்குப் பிரெஞ்சு அவ்வளவாக விளங்காது. கந்தோர்களுக்கு என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார். ஒரு செவ்வாய்க்கிழமை, யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் 'தோன் வீ ஜூர்' வரச் சொன்னார். சொல்லுக்குச் சொல் எட்டு நாளில். நான் விரல்விட்டு எண்ணி அடுத்த புதன்கிழமை என்று அப்பாவுக்குச் சொன்னேன். அவர் ரெஸ்ரோறன்ட் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். 'சந்திப்பு நேற்று' என்றார்கள். பிரெஞ்சுக்காரருக்கு எட்டு நாள் என்றால் ஒரு கிழமை. பதினைந்து நாள் என்றால் இரண்டு கிழமை. எனக்கு அது தெரியாது.

வெளியே வந்து அழுதேன். அப்பா ஒரு கிறுவாசோன் வாங்கித் தந்து, "பரவாயில்லை பிள்ளை, அடுத்த முறை திகதியை எழுதித் தரச் சொல்லிக் கேட்பம்" என்றார். அவ்வளவுதான். ஒரு நாள் சம்பளம் போன மனுசன் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. நானோ துவாய்க்குச் சிரித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த கிழமை மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவளும் நானுமாக ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினோம். பிரெஞ்சு பேசுகிற பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் புதுச் சொற்கள் அவ்வளவு ஆபத்தில்லை. தெரியாத சொல் என்றால் தேடிப் பார்ப்பார்கள். தெரிந்த மாதிரி இருக்கிற சொற்கள்தான் காலை வாருகிறவை. பயணத்தில் இவை அடிக்கடி வரும். அகரவரிசையில் எழுதாமல் இடம் இடமாக எழுதினோம், அப்போதுதான் ஞாபகத்தில் நிற்கிறது.

ரயில் நிலையம். பிரெஞ்சில் ரயில் நிற்கிற இடம் 'கே'. ஆங்கிலத்தில் அதே சொல் துறைமுகத்தில் கப்பல் கட்டுகிற இடம். ரயிலுக்கு 'பிளாட்ஃபோர்ம்' என்று கேட்கவேண்டும். போய்வர ரிக்கற் எடுக்க இங்கே 'அலே ரெத்தூர்'. பிரிட்டனில் 'ரிட்டேர்ன்', போவதற்கு மட்டும் என்றால் 'சிங்கிள்'. கனடா, அமெரிக்காப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் அங்கே 'ரவுண்ட் ட்ரிப்', 'வன் வே'. பிரெஞ்சில் 'கார்' என்றால் நெடுந்தூர பஸ். லண்டனில் அதைக் 'கோச்' என்று கேட்காவிட்டால் காருக்கு வழிகாட்டுவார்கள்.

ஹோட்டல். இங்கே 'லொகசியோன்' என்று பலகை இருந்தால் வாடகைக்கு விடுகிற இடம். ஆங்கிலத்தில் 'லொகேஷன்' வெறும் இடம்தான். வாடகைக் காருக்குக் 'கார் ஹயர்' என்று தேடவேண்டும். அங்கே கட்டுகிற முற்பணம் பிரெஞ்சில் 'கோசியோன்', ஆங்கிலத்தில் 'டெபொசிட்'. ஆங்கிலப் பலகையில் 'கோஷன்' என்று கண்டால் காசு கட்டத் தேவையில்லை, வழுக்கி விழாமல் நடந்தால் போதும். துவாய் கேட்க 'குட் வீ ஹாவ்', 'குட் ஐ ஆஸ்க் ஃபோர்' என்று தொடங்கினால் பிழைக்காது. இந்த இரண்டு வரியையும் மகள் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதினாள்.

சாப்பாட்டுக் கடை. பிரெஞ்சு 'மெனு' ஒரு விலைக்கு வருகிற முழுச் சாப்பாடு. ஆங்கிலத்தில் 'மெனு' என்றால் சாப்பாட்டுப் பட்டியல், நாங்கள் 'கார்த்' என்பது. எங்கட 'ஒந்த்ரே' முதலில் வருவது. அமெரிக்காவில் அதே சொல்லைப் போட்டால் பெரிய கோப்பையில் பிரதான சாப்பாடே வந்துவிடும்.

இவ்வளவு ஒற்றுமையும் இவ்வளவு குழப்பமும் ஏன் என்று மகள் கேட்டாள். 1066இல் நோர்மண்டியிலிருந்து கியோம் போய் இங்கிலாந்தைப் பிடித்த கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகு அங்கே பல காலம் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுதான். சொற்கள் அந்த வழியாகப் போய், அங்கேயே வளர்ந்து மாறிவிட்டன. 'ஜூர்னே' ஒரு நாள். ஒரு நாளில் போகிற தூரம் என்று போய், ஆங்கிலத்தில் பயணமே 'ஜேர்னி' ஆனது. 'ட்ராவாய்' வேலை, பாடுபடுவது. அதுதான் 'ட்ராவல்'. அந்தக் காலத்துப் பயணம் பாடுதானே.

மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப பிழை என்ர இல்லை. அவைதான் எங்கட சொல்லை எடுத்து மாத்திப்போட்டினம்" என்றாள். லண்டனுக்குப் பிறகு அன்றுதான் இந்தக் கதையில் முதல் தடவை சிரித்தாள்.

எங்கட வீட்டுத் தமிழிலும் இது நடக்கிறதுதான். அவளுடைய சிநேகிதி ஒருத்தி பாண்டிச்சேரிக் குடும்பம். "அம்மா என்னைப் பேசினவ" என்று இவள் ஒருமுறை அங்கே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சொல்ல, அந்தத் தாய், "அம்மா பேசினதுக்கு ஏம்மா கோபம்?" என்றாவாம். எங்களுக்குப் பேசுவது ஏசுவது. அவர்களுக்குக் கதைப்பது. அந்தத் தாய் சிரிக்காமல் கேட்டபடியால், இவள் இன்றும் அந்த வீட்டில் தாராளமாகத் தமிழ் கதைக்கிறாள்.

உங்கட பிள்ளைகளும் விடுமுறைக்கு லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ போவார்கள். சகோதரங்களோடு தமிழில் முழுதாகக் கதைக்க வராது. அங்கே பிரெஞ்சு விளங்காது. மிச்சம் இருப்பது ஆங்கிலம்தான். அதிலும் வாயை மூடிவிட்டால் சொந்தத்துக்குள்ளேயே விருந்தாளியாக இருந்துவிட்டு வருவார்கள். போக முதல் ஒரு பின்னேரம் அந்தக் கொப்பியை எழுதிப் பாருங்கோ. நீங்கள் ரிக்கற் விற்கிறவராக, பிள்ளை வாங்குகிறவராக நடித்துப் பாருங்கோ. பிழைக்கட்டும். அது உங்கட குசினியில் பிழைத்தால் நல்லது.

ஒக்ரோபர் லீவுக்கு அக்கா குடும்பம் இங்கே வந்தது. சந்தியிலிருக்கிற கடையில் அக்காவின் மகள் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் 'சிப்ஸ்' கேட்டாள். வந்தது ஒரு பைக்கற் பொரியல், லண்டனில் 'கிறிஸ்ப்ஸ்' என்பார்களே, அது. சுடச்சுடப் பொரித்த உருளைக்கிழங்குக்கு இங்கே 'ஃப்ரீத்' என்று கேட்டிருக்கவேண்டும். அவளுடைய முகம் சிவந்துவிட்டது.

நான் என் மகளைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு எழும்பிப் போனாள். ஒரு கோப்பை ஃப்ரீத்தோடு வந்து இருந்து, அக்காவுக்கு ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினாள். இடைக்கிடை பிழை வந்தது. அவள் நிற்பாட்டவில்லை.