ரசீது இல்லாத வரி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ்கள் போன பிறகு என் அங்கன்வாடி நிரம்பும். அம்மாக்கள் நிம்மதியாக வேலை பார்க்க, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது நானும் உதவியாளர் அக்காவும்.

1975இல் திட்டம் தொடங்கியது முதல் ஒன்றிய அரசுக்கு நாங்கள் ஊழியர்கள் அல்ல, 'சேவை' செய்பவர்கள். தருவது 'மதிப்பூதியம்': 2018 அக்டோபர் கணக்குப்படி பணியாளருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. தமிழக அரசு கூடுதலாகச் சேர்த்து 'சிறப்புக் காலமுறை ஊதியம்' என்கிறது. அந்தச் 'சிறப்பு' எங்களை அரசு ஊழியர் வரிசைக்கு வெளியே நிறுத்தத்தான்.

உயர்த்திக் கேட்டால் நிதி இல்லையாம். 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகவும், புதிய ஆலைகளுக்கு 15 ஆகவும் குறைக்க மட்டும் நிதி இருந்தது. அடுத்த ஏப்ரலில் செல்போனுக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 18 ஆனது. அதை நானும் கட்டுகிறேன்.

2022இல் உச்ச நீதிமன்றம் எங்களுக்குப் பணிக்கொடை உண்டு என்றது. பணிக்கொடைக்கு உரியவள் ஊழியர் இல்லாமல் யார்?

சங்கக் கொடியோடு தெருவுக்கு வந்தால், "பிள்ளைகளை விட்டுவிட்டு வரலாமா?" என்கிறார்கள். பெண்ணின் உழைப்பை அன்பு என்று சொல்லிப் பிடித்துக்கொள்வதும் வரிதான், ரசீதுதான் இல்லை. அதிக லாபம் பார்ப்பவரிடம் அதிகம் வாங்குங்கள். எங்களை ஊழியர் என்று பதிவேட்டில் எழுதுங்கள்.