உயிர்க்காப்பு விலைப்பொருள் ஆகலாமா?

உடன்குடி என்றவுடன் கருப்பட்டியின் இனிமை எவர் நாவிலும் ஊறும். 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பெருமையும் அதற்குண்டு. ஆயினும், சீனி கலந்த கருப்பட்டியைக் கண்ணால் மட்டும் பார்த்து இனங்காண்பது எல்லார்க்கும் எளிதன்று. நாம் வாங்கும் மகிழுந்தின் நிலையும் இஃதே. வண்ணமும் மெருகும் கண்ணுக்குத் தெரியும். மோதும் வேளையில் அதன் கூடு தாங்குமா, நொறுங்குமா என்பது தெரியாது.

மகிழுந்து செல்வர்க்கே உரியது என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. சபர் சென்று திரும்பும் உறவினரை அழைத்துவர நள்ளிரவில் திருவனந்தபுரம் புறப்படும் குடும்பங்கள் நம் பகுதியில் எத்தனை! ஐவர்க்கான வண்டியில் எழுவர். முன்னிருக்கையில் மடிமீது மழலை. பின்னிருக்கைப் பட்டையோ உறைக்கு அடியில் உறங்கிக்கொண்டிருக்கும்.

அண்மையில் நண்பர் ஒருவருடன் விற்பனையகம் ஒன்றிற்குச் சென்றோம். பாட்டுக் கருவியையும் தொடுதிரையையும் பற்றி விற்பனையாளர் அரைமணி நேரம் விளக்கினார். பக்கவாட்டுக் காற்றுப்பைகள் உண்டா என வினவினோம். "அது டாப் மாடலில்தான் சார் வரும்" என்றார். கூடுதல் தொகையைக் கேட்ட நண்பர் பேச்சை மாற்றினார். ஒரே தொழிற்சாலை, ஒரே சாலை, ஒரே விபத்து. உயிர்க்காப்பில் மட்டும் உயர்வு தாழ்வா?

1959-இல் வோல்வோ நிறுவனப் பொறியாளர் நீல்ஸ் போலின் மும்முனை இருக்கைப் பட்டையை உருவாக்கினார். அந்நிறுவனம் அதனைத் தன் தனிச்சொத்தாகப் பூட்டி வைக்காமல், ஏனைய நிறுவனங்களும் பயன்படுத்த இசைந்தது. அப்பெருந்தன்மை உலகெங்கும் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. நம் நாட்டிலோ 2014-இல் ஐந்து சிறு மகிழுந்துகளின் அடிப்படை வகைகளை குளோபல் என்கேப் அமைப்பு மோதிச் சோதித்தபோது, பெரியவர் பாதுகாப்பில் ஐந்தும் பெற்றவை சுழியமே. அதன்பின் சட்டம் மெல்ல விழித்தது. 2019-இல் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் தடுப்பு முறையும், ஓட்டுநர்க்குக் காற்றுப்பையும் கட்டாயமாயின. பின்னர் முன்னிருக்கைப் பயணிக்கும் காற்றுப்பை வந்தது. ஆறு காற்றுப்பைகளைக் கட்டாயமாக்க 2022-இல் முன்மொழிந்த அரசு, 2023-இல் அதனைக் கைவிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் நட்சத்திரத் தரச்சோதனையும் நிறுவனங்களின் விருப்பத்திற்கே விடப்பட்டது.

விலை ஏறினால் எளிய குடும்பம் இருசக்கர வண்டியிலேயே தங்கிவிடும், அது இதனினும் ஆபத்து என்பர் சிலர். இவ்வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. 2022-இல் இந்தியச் சாலைகளில் மாண்ட 1,68,491 பேரில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றோரே. ஆனால், விலையைக் குறைக்கும் வழி பாதுகாப்பைக் குறைப்பதன்று, வரியைக் குறைப்பதே. 2025 செப்டம்பரில் சிறு மகிழுந்துகளுக்கான சரக்கு சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. நல்ல தர நட்சத்திரம் பெற்ற வண்டிக்கே அச்சலுகை என்று விதித்திருப்பின் ஒரு கல்லில் இரு கனிகள் வீழ்ந்திருக்கும். சில நிறுவனங்கள் தம் சிறு மகிழுந்துகளிலும் ஆறு காற்றுப்பைகளைத் தாமாகவே பொருத்தத் தொடங்கியுள்ளன. இயலாது என்றது இயலும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அரசை மட்டும் குறை கூறி நாம் தப்பிவிட முடியாது. 2022-இல் இருக்கைப் பட்டை அணியாமல் மாண்டோர் 16,715 பேர். பட்டைக்குத் துணையே காற்றுப்பை. பட்டையின்றி அமர்ந்தோர்க்கும் மடியிலுள்ள குழந்தைக்கும் அதுவே கேடாகவும் கூடும். எச்சரிக்கை ஒலியை அடக்கப் பொய்க் கொக்கி வாங்கிச் செருகுவோரும் நம்மிடையே உள்ளனர். அதன் இணையவழி விற்பனையை 2023-இல் நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடுக்க வேண்டியதாயிற்று. துபாயில் பின்னிருக்கையிலும் பட்டை அணியும் நம்மவர், திருவனந்தபுரத்தில் இறங்கியதும் அதனை மறப்பது ஏன்?

'எல்லாம் விதிப்படி' என்பார் உளர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். வண்டியில் ஏறியதும் அதைக் கைவிடுகிறோம்.

ஒவ்வொரு வகை மகிழுந்திற்கும் தரச்சோதனை கட்டாயமாக வேண்டும். அதன் நட்சத்திர எண்ணிக்கை விலைப்பட்டியலில் அச்சாக வேண்டும். அடிப்படை வகை வாங்குவோர்க்கும் முழுக் காப்பு கிட்ட வேண்டும். மாணவச் செல்வங்களே, உங்கள் இல்லத்தில் வண்டி வாங்கும் நாளில், நிறத்தைக் கேட்கும் முன் நட்சத்திரத்தைக் கேளுங்கள். ஊர்ப் பெரியோர்களே, பயணம் புறப்படுவோரை வழியனுப்பும்போது துஆவோடு, 'பட்டை போட்டாயா?' என்ற ஒரு சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்பவர் பெருகினால் தருபவரும் திருந்துவர் என்பது நம் துணிபு.