ஓய்வுபெறும் நீதிபதியின் நாற்காலி யாருக்கு?

உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் 62 வயதை எட்டும் நாள், அவர் பதவியேற்ற அன்றே எல்லோருக்கும் தெரியும். காலியிடம் ஏற்படுவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே பரிந்துரையைத் தொடங்க வேண்டும் என்று நியமன நடைமுறைக் குறிப்பாணையும் சொல்கிறது. இருந்தும், பட்டியலினத்தைச் சேர்ந்த நீதிபதி ஒருவர் ஓய்வுபெறும் நேரம் நெருங்கினாலே வழக்கறிஞர்கள் மத்தியிலும் கட்சி அலுவலகங்களிலும் ஒரு கவலை எழுகிறது. அந்த இடத்துக்கு இன்னொரு தலித் வருவாரா, அல்லது எண்ணிக்கையில் ஒன்று குறைந்ததோடு கதை முடிந்துவிடுமா?

இந்தக் கவலை காரணமில்லாமல் வந்ததல்ல. ஜோலார்பேட்டையில் பிறந்த ஏ.வரதராஜன் 1973-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். அப்போது முதல்வர் மு.கருணாநிதி. 1980-ல் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் தலித் நீதிபதியும் வரதராஜனே. குடியரசு ஆகி முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் அது நடந்தது. 1985-ல் அவர் ஓய்வுபெற்ற சில மாதங்களிலேயே பி.சி.ராய் வந்தார். 1997-ல் கே.ராமசாமி ஓய்வுபெற்றபோது, கே.ஜி.பாலகிருஷ்ணன் வர மூன்று ஆண்டுகள் ஆயின. நியமனங்களில் பட்டியலினத்தவரையும் பழங்குடியினரையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன் கோப்பில் குறிப்பெழுதியது அந்த இடைவெளியில்தான். பாலகிருஷ்ணன் 2010-ல் ஓய்வுபெற்ற பிறகு, பி.ஆர்.கவாய் 2019-ல் வரும்வரை ஒன்பது ஆண்டுகள் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தலித் நீதிபதிகூட இல்லை. ஒருவர் போனால் இன்னொருவர் வருவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது என்பதை இந்த ஆண்டுகளே சொல்கின்றன.

உயர் நீதிமன்றங்களின் கணக்கும் இதுதான். கரிய முண்டா தலைமையிலான நாடாளுமன்றக் குழு தந்த தகவல்படி, 1998 மே மாதம் நாட்டில் இருந்த 481 உயர் நீதிமன்ற நீதிபதிகளில் 15 பேர் பட்டியலினத்தவர், 5 பேர் பழங்குடியினர். 2018 முதல் நியமிக்கப்பட்ட 715 பேரில் 22 பேர் பட்டியலினத்தவர், 16 பேர் பழங்குடியினர் என்று 2025 மார்ச்சில் மாநிலங்களவையில் அரசு பதிலளித்தது. முதலாவது, பதவியில் இருந்தவர்களின் கணக்கு. இரண்டாவது, புதிய நியமனக் கணக்கு. ஆனாலும் பட்டியலினத்தவரின் பங்கு இரண்டிலும் நூற்றுக்கு மூன்று பேர்தான். கால் நூற்றாண்டில் அந்த அளவு நகரவே இல்லை.

இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால், ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். தலைமை நீதிபதியும் அடுத்த இரு மூத்த நீதிபதிகளும் பெயர்களைப் பரிந்துரைக்கிறார்கள். மாநில அரசு கருத்து சொல்கிறது. மத்திய சட்ட அமைச்சகம் உளவுத்துறை அறிக்கையோடு கோப்பை உச்ச நீதிமன்றக் கொலீஜியத்துக்கு அனுப்புகிறது. கொலீஜியம் ஏற்ற பிறகும் கோப்பு மத்திய அரசிடம்தான் திரும்புகிறது. அங்கே எத்தனை நாள் கிடந்தாலும் கேட்பாரில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 217, 224 பிரிவுகளில் இட ஒதுக்கீட்டுக்கு இடமில்லை, சமூகப் பன்முகத்தன்மையைக் கவனிக்கும்படி தலைமை நீதிபதிகளைக் கேட்டுக்கொள்கிறோம் என்பது மத்திய அரசின் வழக்கமான பதில். தகுதியான பெயர்கள் வரவில்லை என்பது மறுபக்கத்தின் பதில்.

பெயர்கள் ஏன் வரவில்லை? வழக்கறிஞர்களில் இருந்து தேர்ந்தெடுக்கும்போது வருமானம், நடத்திய பெரிய வழக்குகள், அரசு வழக்கறிஞர் பொறுப்பு ஆகியவை எடைபோடப்படுகின்றன. முதல் தலைமுறையாகக் கறுப்புக் கோட்டு அணிந்து, கூலித் தொழிலாளியின் வன்கொடுமை வழக்கைக் கட்டணமின்றி நடத்துபவருக்கு இவை எளிதில் வாய்ப்பதில்லை. கீழமை நீதித்துறை வழி திறந்திருக்கிறது. தமிழகத்தில் உரிமையியல் நீதிபதி தேர்வில் இட ஒதுக்கீடு உண்டு. வரதராஜனும் முன்சீப்பாகத் தொடங்கியவர்தான். ஆனால் அந்த வழியில் வருபவர்கள் பெரும்பாலும் ஐம்பதுகளின் பிற்பகுதியில்தான் உயர் நீதிமன்றம் வருகிறார்கள். சில ஆண்டுகளில் ஓய்வு. பெயர்களைத் தேர்ந்தெடுக்கும் மூத்த மூவரில் ஒருவராகும் முன்பே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அடுத்தவரை அழைக்க உள்ளே யாரும் மிஞ்சுவதில்லை.

நீதிபதிக்குச் சாதி ஏது என்று சிலர் கேட்கலாம். தலித் நீதிபதி தலித்துகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்க வேண்டும் என்று நாமும் கேட்கவில்லை. ஆனால் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட வெண்மணி வழக்கின் மேல்முறையீட்டை நினைத்துப் பாருங்கள். நிலச்சுவான்தார்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்களா என்ற ஐயம், அவர்களை விடுவித்த தீர்ப்பில் இடம்பெற்றது. சேரியின் வாழ்க்கையை அறிந்த ஒருவர் அந்த அமர்வில் இருந்திருந்தால், அந்தக் கேள்வியாவது வேறு விதமாகக் கேட்கப்பட்டிருக்கும்.

அரசமைப்புச் சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. கூடுதல் தலைமை வழக்கறிஞர், சிறப்பு அரசு வழக்கறிஞர் பதவிகளுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுப்பது மாநில அரசு. நாளைய நீதிபதிகள் உருவாகும் இடமும் அதுதான். அங்கே பட்டியலினத்தவரையும், அவர்களுள் அருந்ததியரையும், பெண்களையும் உரிய எண்ணிக்கையில் அமர்த்த டெல்லியின் அனுமதி வேண்டாம். கொலீஜியத்தைக் குறை சொல்லும் கட்சிகள், தாங்கள் ஆளும்போது எத்தனை தலித் வழக்கறிஞர்களை அரசுத் தரப்பில் நிறுத்தினோம் என்ற பட்டியலை முதலில் வெளியிடட்டும்.

ஓய்வுபெறும் தேதி முன்கூட்டியே தெரிகிறது. அடுத்து வரக்கூடியவர்களின் பெயர்களையும் முன்கூட்டியே தயார் செய்ய முடியும். பிரிவுபசார விழா முடிந்த பிறகு எழுப்பும் கோரிக்கை, அடுத்த காலியிடத்துக்குத்தான் பயன்படும்.