தட்டேந்திய நடிகர்

பள்ளிக்கூட நாடகத்துக்கு வேஷங்களைப் பங்கிடுவது எளிய காரியமன்று. அரசன் வேஷத்துக்குப் பத்துப் பேர் முன்வருவார்கள். வாயிற்காப்போன் வேஷத்துக்கு ஒருவனும் வரமாட்டான். சென்ற வாரம் அவ்வேஷம் வாய்த்த சிறுவன் ஒருவன் நம்மிடம் கண்ணீர் விட்டான். அவனுக்கு ஜீனோ கொராடோ என்னும் நடிகரின் கதையைச் சொன்னோம். நேயர்களும் கேட்கலாம்.

இத்தாலி தேசத்துப் பிளாரென்ஸ் நகரில் 1893-ஆம் ஆண்டில் பிறந்தவர் கொராடோ. ஊமைப் படக் காலத்திலேயே ஹாலிவுட்டில் புகுந்தார். 1929-இல் வெளிவந்த ‘இரும்பு முகமூடி’ என்னும் படத்தில், டக்ளஸ் பேர்பாங்க்ஸின் தோழர்களுள் ஒருவரான ஆராமிஸாக வாளேந்தி நின்றார். பேசும் படங்கள் வந்தன. வாள் போய்க் கையில் தட்டு வந்தது. பரிசாரகர், சமையற்காரர், விடுதி மானேஜர் முதலிய வேஷங்களே பெரும்பாலும் அவருக்குக் கிடைத்தன. ‘டாப் ஹாட்’ (1935) படத்தில் வெனிஸ் நகர விடுதியின் மானேஜர் அவரே. 1945-இல், ‘மூன்று ஸ்டூஜ்கள்’ என்னும் விகடக் கோஷ்டியாரின் சிறு படம் ஒன்றில் சங்கீத வித்துவானாக வந்து, பாடத் திறந்த வாயில் பழம் விழுந்து திக்குமுக்காடினார்.

இத்தாலியன் என்றால் பரிசாரகன்தான் என்று எண்ணிய ஹாலிவுட்டின் பார்வை குறுகியது என்பதை நாம் மறைக்கப்போவதில்லை. ஆயினும் ஒரு விந்தை உண்டு. ‘கான் வித் தி விண்ட்’ (1939), ‘ஸிட்டிஸன் கேன்’ (1941), ‘காஸாபிளாங்கா’ (1942) ஆகிய மூன்றும் அமெரிக்கப் படங்களுள் தலைசிறந்தவையாகப் போற்றப்படுகின்றன. மூன்றிலும் தலைகாட்டியவர் கொராடோ! ‘ஸிட்டிஸன் கேன்’ படத்தில், மதுபானம் கொண்டுவரும்படி பரிசாரகரை “ஜீனோ” என்று அவருடைய சொந்தப் பெயராலேயே அழைக்கிறார்கள். நடிகர் பட்டியலில் அப்பெயர் இல்லை, படத்திற்குள்ளே ஒலித்துக்கொண்டிருக்கிறது.

‘காஸாபிளாங்கா’வில் காதலர்களின் துயரத்தைக் கண்டு நாம் உருகுகிறோம். அவர்கள் சந்திக்கும் இடம் மெய்யான விடுதியென்று நம்மை நம்பவைப்பவர் யார்? மேஜைகளுக்கிடையே ஓசையின்றி நடமாடும் பரிசாரகர்களே. அவர்களில் ஒருவர் காமிராவைப் பார்த்துப் பல்லிளித்திருந்தால் கதை குலைந்திருக்கும்.

1982-இல் கொராடோ காலமானார்.

கதையைக் கேட்ட சிறுவன், “அவர் பெயரை யாருமே போடவில்லையா, ஸார்?” என்றான். “பல படங்களில் போடவில்லை” என்றோம். சற்று யோசித்தான்; ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். மறுநாள் ஒத்திகைக்கு வந்தபோது அவன் கையில் மூங்கிலால் செய்த வேல் ஒன்று இருந்தது. அரசனாக நடிப்பவனோ கிரீடத்தை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தான்.