பொம்மிடிக்கு ஒரு மேள முகாம்!

கோடை விடுமுறை விட்டால் போதும், ஊரெல்லாம் வகுப்பு! நீச்சல் வகுப்பு, ஓவிய வகுப்பு, கராத்தே வகுப்பு, கம்ப்யூட்டர் வகுப்பு. கிதார், கீபோர்டு சொல்லிக்கொடுக்கும் வகுப்பும் உண்டு. பணம் கட்டினால் பத்தே நாளில் பிள்ளை ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டு, கையில் ஒரு சான்றிதழோடு வீட்டுக்கு வருகிறது.

பறைக்கு எங்கே வகுப்பு? பம்பைக்கு? உடுக்கைக்கு? முகவீணைக்கு?

பறைக்கு இருக்கிறது. சென்னை, மதுரை போன்ற பெரிய ஊர்களில் பறைப் பயிற்சி முகாம்கள் நடக்கின்றன. கல்லூரி மாணவர்கள் போகிறார்கள். கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள் போகிறார்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் அந்த மேளம் பிறந்து வளர்ந்தது சின்ன ஊர்களில் அல்லவா? அங்கே என்ன நடக்கிறது?

2023-ம் ஆண்டு பட்ஜெட்டில், 25 பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சி மையங்கள் தொடங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் தமிழ்நாட்டில் இருப்பவை 38 மாவட்டங்கள். மாவட்டத்துக்கு ஒன்றுகூட வராது!

ஆகவே ஒரு யோசனை சொல்கிறேன். தருமபுரி மாவட்டம் பொம்மிடியில், வருஷா வருஷம் கோடையில் பத்து நாள், நாட்டு மேள முகாம் ஒன்று நடக்க வேண்டும்.

ஏன் பொம்மிடி?

பொம்மிடி, சேலம்–ஜோலார்பேட்டை ரெயில் பாதையில் இருக்கிற ஊர். வெளியூர்க்காரர்கள் வந்து போகச் சிரமம் இல்லை. சுற்றிலும் கிராமங்கள். மாரியம்மன், அங்காளம்மன் பண்டிகை என்றால் இந்தப் பக்கத்தில் பம்பை இல்லாமல் முடியாது. திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். அதாவது வாசிக்கிறவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். வெற்றிலைக் கொடிக்கால் உள்ள ஊர் வேறு. குருவுக்குத் தட்டில் வைக்க வெற்றிலைக்குப் பஞ்சமே இல்லை!

"சின்ன ஊரில் இதெல்லாம் நடக்குமா?" என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. நம் நாட்டில் அல்ல, அயர்லாந்தில்.

தச்சர் பெயரில் ஒரு பள்ளி

அயர்லாந்தின் மேற்குக் கரையில் மில்டவுன் மால்பே என்று ஒரு சிற்றூர். அங்கே வில்லி கிளான்சி என்ற தச்சர் இருந்தார். அந்த நாட்டுப் பைக்குழல் வாசிப்பதில் மன்னன். துருத்தியை முழங்கையால் அழுத்திக் காற்று ஏற்றி வாசிக்கும் கருவி அது. 1973-ம் ஆண்டு ஜனவரியில் அவர் காலமானார். அதே ஆண்டு கோடையில், அவர் பெயரில் ஓர் இசைப் பள்ளியை அந்த ஊரில் தொடங்கினார்கள்.

அன்று தொடங்கியது, ஆண்டுதோறும் ஜூலை மாதம் நடந்து வருகிறது. பல நாடுகளில் இருந்து ஆட்கள் வருகிறார்கள். காலையில் வகுப்பு. மாலையில் ஊர் முழுக்கக் கச்சேரி. சொல்லிக்கொடுப்பவர்கள் யார்? வாசித்து வாசித்துப் பழுத்தவர்கள்! பட்டம் என்ன வாங்கினாய் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை.

மில்டவுன் மால்பேக்கு முடிந்தது பொம்மிடிக்கு முடியாதா?

வாத்தியார் இல்லாத யாழ்

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பொருள்களைச் சொல்கிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்று அடுக்கும்போது பறையையும் யாழையும் சேர்த்தே சொல்கிறது. இரண்டும் அத்தனை பழமை.

யாழ் என்ன ஆயிற்று? வாசிப்பு அறுந்து போயிற்று. பிறகு மட்டக்களப்புப் பகுதியில் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், சிலப்பதிகாரத்தை வைத்துக்கொண்டு பல ஆண்டு ஆராய்ந்து, 1947-ல் 'யாழ் நூல்' வெளியிட்டார். நம் காலத்தில் சென்னையில் தருண் சேகர் என்ற இளைஞர் யாழைத் திரும்பச் செய்து வாசித்துக் காட்டினார். பெரிய உழைப்பு. ஆனாலும், "விரலை இப்படி வை தம்பி" என்று சொல்ல ஒரு பழைய யாழ் வாத்தியார் இல்லையே! எல்லாவற்றையும் கணக்குப் போட்டும் ஊகித்தும்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

பறைக்கு அந்தக் கதி வரவில்லை. வாத்தியார் உயிரோடு இருக்கிறார். நீண்ட சிம்புக்குச்சியை எந்தக் கையில் பிடிப்பது, குட்டையான அடிக்குச்சியை எங்கே அடிப்பது, தோலை நெருப்பில் எவ்வளவு நேரம் காட்டுவது என்று அவர் கையைப் பிடித்துச் சொல்லித் தருவார். ஒத்தையடிக்கும் சாமிச்சாட்டு அடிக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியும்.

அவருடைய மகன் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. அந்தப் பையனைக் குறை சொல்ல நாம் யார்? அப்பா சாவு வீட்டு வாசலில் நின்று அடித்ததை அவன் பார்த்திருக்கிறான். தன் வயதுப் பொடியன்கள் அப்பாவை "டேய்" என்று கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறான். எங்கோ ஒரு கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பல ஊர்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் மறுத்தார்கள். அது நியாயமான மறுப்பு. சாதியின் பெயரால் ஒருவன் கையில் மேளத்தைத் திணிப்பது கலை ஆகாது.

ஆனால் அதே பறை இன்று வேறு வேலையும் செய்கிறது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தூக்கி மேடையில் ஆடி அடிக்கிறார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசான் 2025-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பறையடிப்பவரை "ஆசான்" என்று நாடே கூப்பிட்டது!

பொம்மிடி முகாமில் எனக்கு முக்கியம் அதுதான். பத்து நாளும் அந்தப் பெரியவருக்கு ஒரு நாற்காலி போட வேண்டும். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து, அவரை "வாத்தியார் ஐயா" என்று கூப்பிட வேண்டும். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் என்றால் எல்லா வீட்டுப் பிள்ளைகளும்தான்! ஒரு தெருப் பிள்ளைகள் மட்டும் வந்தால் அந்த முகாமால் பிரயோசனம் இல்லை.

கூலியும் நேரமும்

இனி நடைமுறைக்கு வருவோம். கோடைதான் பண்டிகைக் காலம். பம்பைக்காரருக்கும் கூத்துக்காரருக்கும் நாலு காசு கிடைப்பது அப்போதுதான். அந்த நாளில் அவரை முகாமுக்குக் கூப்பிட்டுவிட்டு, கடைசியில் பொன்னாடை போர்த்தி அனுப்பினால் போதுமா? பொன்னாடையை வைத்து உலை கொதிக்காது. ஓர் இரவுக் கூத்தில் அவருக்கு என்ன வருமோ, அதற்குக் குறையாமல் ஒவ்வொரு நாளும் கையில் கொடுக்க வேண்டும்.

நேரமும் பார்க்க வேண்டும். விடியும்வரை வாசித்தவரைக் காலை ஏழு மணிக்கு எழுப்பலாமா? மாலை நாலு மணி வகுப்பே நல்லது. வெயிலும் தணிந்திருக்கும்.

பத்து நாளில் என்ன வரும்? பறையில் இரண்டு மூன்று அடி வரும். அதோடு காலும் சேர்ந்து ஆட வந்தால் அதுவே அதிகம். பம்பை அப்படி அல்ல. அது சேர்த்துக் கட்டிய இரண்டு மேளம். அதை இடுப்பில் சுமந்து நிற்கப் பழகவே நாளாகும்.

முகவீணை இன்னும் கடினம். பெயரில் வீணை இருந்தாலும் அது ஊதுகிற கருவி. நாதசுரத்தின் தம்பி மாதிரி குட்டையாக இருக்கும். கூத்தில் அதன் இடத்தைப் பெரும்பாலும் ஆர்மோனியம் பிடித்துக்கொண்டது. புதுப் பையனுக்குச் சீவாளியில் ஒழுங்காகச் சத்தம் வரவே பத்து நாள் போதாது. அதனால் அரசு இசைப் பள்ளிகளில் நாதசுரம் படிக்கும் இளைஞர்களை முகவீணைக்கு வரவழைக்கலாம். மூச்சுப் பிடிக்க அவர்களுக்குத் தெரியும். கூத்துப் பாட்டு மட்டும் கற்றுக்கொண்டால் போதும்.

கடைசி நாளில் சான்றிதழ் வேண்டாம் என்பது என் கட்சி. அதற்குப் பதில் ஊர்ப் பண்டிகை ஒன்றில் வாத்தியார் பக்கத்தில் நின்று அரைமணி நேரம் பிள்ளைகள் வாசிக்கட்டும். தப்பினால் அவரே கண்ணால் அதட்டுவார்.

செலவு என்று பார்த்தால் வாத்தியார்களின் கூலி, பத்துப் பதினைந்து பறை, சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சுண்டல், தோல் காய்ச்ச ஒரு கட்டு வைக்கோல். இடத்துக்கு வாடகை கிடையாது. மே மாதம் பள்ளிக்கூடம் பூட்டித்தான் கிடக்கிறது. சாவி தலைமை ஆசிரியரிடம் இருக்கும். போய்க் கேட்க வேண்டியதுதான்.