ஆலோசகரின் கட்டணமும் வாடிக்கையாளரின் ஆபத்தும்

ஜெர்மனியின் தென்மேற்கே உள்ள சிறு நகரமான வால்டோர்ஃப், 1972இல் தொடங்கப்பட்ட எஸ்ஏபி மென்பொருள் நிறுவனத்தின் தலைமையகமாக விளங்குகிறது. அந்த மென்பொருளைப் பிற நிறுவனங்களில் அமைத்துக் கொடுக்கும் பணியில், நிரந்தர ஊழியராக இல்லாமல் தனித்து இயங்கும் ஆலோசகர்களும் ஈடுபடுகின்றனர். தமிழர்களும் இவர்களில் அடங்குவர்.

இவர்கள் மணிக்கட்டணத்தை நிர்ணயிக்கையில், தமது அனுபவத்தை மட்டுமன்றி வாடிக்கையாளரின் ஆபத்தையும் கணக்கில் எடுக்கின்றனர். பணம் தரத் தாமதிப்பவரிடமும், நிதி நெருக்கடியில் உள்ளவரிடமும் கூடுதலாகக் கேட்பது வழக்கம். ஆனால் எல்லா ஆபத்துக்கும் கட்டண உயர்வு ஈடாகுமா என்பதே கேள்வி.

பத்து சதவீதத்தின் கணக்கு

உதாரணமாக, மணிக்கு 100 யூரோ வீதம் மாதம் 160 மணிநேரம் உழைக்கும் ஆலோசகரின் மாத வருவாய் 16,000 யூரோ. வாடிக்கையாளர் மூன்று மாதப் பணத்தைத் தராமல் திவாலானால் இழப்பு 48,000 யூரோ. ஆபத்துக்காகப் பத்து சதவீதம் கூட்டிக் கேட்டால் மாதம் 1,600 யூரோ மேலதிகமாகக் கிடைக்கும். அந்த இழப்பை ஈடுசெய்ய அவருக்கு 30 மாதங்கள் தேவைப்படும்.

மாறாக, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை பட்டியல் அனுப்பி, 14 நாட்களில் பணம் பெறும் நிபந்தனையை ஏற்கச் செய்தால், எந்த நேரத்திலும் நிலுவை ஏறத்தாழ ஒரு மாத வருவாயைத் தாண்டாது.

தாமதத்துக்குச் சட்டத்திலும் பரிகாரம் உண்டு. நிறுவனங்களுக்கிடையிலான நிலுவைக்கு அடிப்படை வட்டி வீதத்துக்கு மேலாக ஒன்பது சதவீதப் புள்ளிகள் தாமத வட்டி கேட்கலாம் என 2014 முதல் ஜெர்மன் சட்டம் கூறுகிறது. ஆனால் திவாலான நிறுவனத்திடம் வட்டி கேட்டுப் பயனில்லை. ஜெர்மனியின் முன்னணிப் பங்குக் குறியீட்டில் இடம்பெற்றிருந்த வயர்கார்ட் நிறுவனமே 2020 ஜூனில் திவால் மனுத் தாக்கல் செய்தது.

பெற்ற பணமும் திரும்பிப் போகலாம்

இதைவிடச் சிக்கலானது, ஏற்கனவே கைக்கு வந்த பணம். வாடிக்கையாளரால் கடன்களை அடைக்க முடியாது என்பதை அறிந்தே பணம் பெற்றதாகக் கருதப்பட்டால், திவால் நிர்வாகி அதைத் திரும்பக் கேட்கலாம். இத்தகைய கொடுப்பனவுகளுக்கு முன்பு பத்து ஆண்டுகள் வரை பின்னோக்கிச் செல்ல இடமிருந்தது. 2017ஆம் ஆண்டின் திருத்தம் அதை நான்கு ஆண்டுகளாகக் குறைத்தது. செய்த வேலைக்கு உடனுக்குடன் பெறும் பணத்துக்குச் சட்டப் பாதுகாப்பு அதிகம். ஆக, பொறுமையாகக் காத்திருப்பவரே கூடுதல் ஆபத்தில் இருக்கிறார்.

சுயதொழிலா, ஊழியமா?

மூன்றாவது ஆபத்து, சுயதொழில் என்ற பெயரில் நடப்பது உண்மையில் ஊழியமே என அதிகாரிகள் முடிவு செய்வது. அப்போது நிலுவையான சமூகக் காப்புறுதிச் சந்தாவின் பெரும் சுமை வாடிக்கையாளர் மீதே விழுகிறது. ஆனால் அந்த அச்சத்தால் அவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டால், பாதிக்கப்படுபவர் ஆலோசகரே.

ஊழியரின் ஊதியத்தைவிடத் தெளிவாக உயர்ந்து, சொந்தக் காப்புறுதிக்கும் ஓய்வூதியத்துக்கும் இடம் தரும் கட்டணம் சுயதொழிலுக்கு முக்கிய அறிகுறி என 2017இல் ஜெர்மனியின் கூட்டாட்சி சமூக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் அது பல அறிகுறிகளில் ஒன்று மட்டுமே என 2019இல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆலோசகர் எவருடைய உத்தரவின் கீழ், எப்படி வேலை செய்கிறார் என்பதே பிரதானமாக ஆராயப்படுகிறது.

நிரந்தர வதிவிட உரிமை இல்லாமல், சுயதொழில் அனுமதியில் வாழும் குடியேறியவருக்கு இந்த ஆபத்துகள் இரட்டிப்பாகின்றன. அனுமதியைப் புதுப்பிக்க வருவாயைக் காட்ட வேண்டியிருப்பதால், நல்ல வாடிக்கையாளருக்காகக் காத்திருக்க அவரால் இயலாது. அதிகக் கட்டணம் கேட்க வேண்டியவரே குறைவாகக் கேட்கும் நிலை உருவாகிறது.

தனது பிசினஸ் சூட் 7 தொகுப்புக்கான வழமையான பராமரிப்பு 2027 இறுதி வரை தொடரும் என 2020இல் எஸ்ஏபி அறிவித்தது. இத்தகைய காலக்கெடுக்கள் ஆலோசகர்களின் பேரம் பேசும் வலிமையைக் கூட்டுகின்றன. அந்த வலிமையை மணிக்கட்டணத்தில் மட்டும் செலவிடுவதா, பணம் வரும் வேகத்திலும் ஒப்பந்த நிபந்தனைகளிலும் செலவிடுவதா என்பதைப் பொறுத்தே அவர்களின் பாதுகாப்பு அமையும்.